கிராணியார் பதில்கள்: சுவெட்டன்ஹாம் ஜெட்டி

சென்ற இதழில், ‘பினாங்கு சுவெட்டன்ஹாம் ஜெட்டியில் சரக்குக் கணக்கு எழுதிய கிராணி நான்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதம் முழுதும் சரியாகப் போய்விட்டது.

இப்போது சொகுசுக் கப்பல்கள் நிற்கும் அந்த ஜெட்டியைக் கட்டியது யார்? அந்தப் பெயர் ஏன்? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

ஆங்கிலேயர் கட்டியது. வேலை முடிந்தது 1904-இல். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரை வைத்தார்கள். அவருக்கு ஒரு துறைமுகம் போதவில்லை போலிருக்கிறது. இன்றைய கிள்ளான் துறைமுகமும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம்தான். பழைய கடிதங்களைப் படிக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தத் துறைமேடை வருவதற்கு முன்னால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். மூட்டையானாலும் மனிதரானாலும் தொங்கான் என்ற சரக்குப் படகில் இறங்கித்தான் கரைக்கு வரவேண்டும். மேடை வந்த பிறகு கப்பலே கரையை ஒட்டி நின்றது. கூலியாட்கள் கூடினார்கள். அவர்களுக்குப் பசித்தது. தோளில் காவடிபோல ஒரு கழியைப் போட்டு, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுக்கொண்டு நம் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகப் பக்கம் விற்று வந்தார்கள். அந்தக் கழிக்கு மலாயில் காண்டார் என்று பெயர்; நாசி என்றால் சோறு. இன்று வரிசையில் நின்று நாசி காண்டார் வாங்கும் கப்பல் பயணிக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

எம்டன் கப்பல் பினாங்குக்கும் வந்ததாமே? (வாசகி, நிபோங் திபால்)

வந்தது. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டுக்கொண்டு, ஆங்கிலேயக் கப்பல்போல நம் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்துவிட்டு வெளியேறும்போது பிரெஞ்சுக்காரரின் மூஸ்கே கப்பலையும் முடித்துவிட்டுப் போனது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

நேதாஜி நீர்மூழ்கியில் வந்து பினாங்கில்தான் இறங்கினார் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். (வாசகர், தைப்பிங்)

மாமா சொல்வதில் பாதி சரி. ஜப்பானியர் காலத்தில் பினாங்கு நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இங்கே வந்து தங்கின. நேதாஜியை ஏற்றிவர ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி 1943 ஏப்ரலில் பினாங்கிலிருந்துதான் புறப்பட்டது. மடகாஸ்கருக்கு அருகே, நடுக்கடலில், ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து அவர் இதற்கு மாறினார். ஆனால் கரையிறங்கியது சுமத்ராவின் வடமுனையை ஒட்டிய தீவில் உள்ள சபாங்கில். மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள் காலத்து ரஜூலா கப்பலையும் இன்றைய சொகுசுக் கப்பலையும் ஒப்பிட முடியுமா? (வாசகி, சுங்கை பட்டாணி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தவர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஊறுகாய் ஜாடி. டெக்கில் பாயை விரித்த இடம்தான் அவருக்கு அறை. பக்கத்துப் பாய்க்காரர் பிறகு ஆயுளுக்கும் எங்களுக்குச் சித்தப்பா ஆனார்.

ரஜூலா 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்வந்தது. நீளம் சுமார் 145 மீட்டர். தொடக்க காலத்தில் 5,000-க்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து இங்கே வந்துபோன குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்ற சொகுசுக் கப்பல் 348 மீட்டர். அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டால் சுமார் 4,200 பேர். ரஜூலாவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம், ஆள் கணக்கோ குறைவு. அதற்குள் நீச்சல்குளமே பல இருக்கிறது; எங்கள் அப்பாவுக்கு ஐந்தாறு நாள் குளிக்க வாளித் தண்ணீருக்கே வரிசை.

அப்புறம் இன்னொன்று. அந்தக் காலத்து டெக் பயணி நேரே ஊருக்குள் வந்துவிட முடியாது. நோய் பயம், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் அடைத்துவைத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அப்பா அந்தத் தீவைக் கடைசிவரை திரும்பிப் பார்க்க மாட்டார், ஃபெரியில் போகும்போதுகூட. 2020 மார்ச்சில் கோஸ்டா ஃபார்ச்சூனா என்ற சொகுசுக் கப்பலைக் கொரோனா பயத்தால் புக்கெட்டும் பினாங்கும் ஏற்காமல், அது சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தபோது எனக்கு ஜெரஜாக்தான் நினைவுக்கு வந்தது.

சரக்கு ஜெட்டி எப்படிப் பயணிகள் முனையம் ஆனது? (வாசகர், ஈப்போ)

1969-இல் ஜார்ஜ்டவுனின் தீர்வையில்லாத் துறைமுக உரிமை போயிற்று. சரக்கு வேலை ஒவ்வொன்றாக எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. என் கணக்குப் புத்தகமும் கூடவே ஃபெரி ஏறியது. இந்தப் பக்கம் மேடை வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு அதைப் பயணிகளுக்காக மாற்றிக் கட்டினார்கள். சூப்பர்ஸ்டார் லிப்ரா என்ற கப்பல் சில ஆண்டுகள் பினாங்கையே வீடாக வைத்து ஓடியது. மாலையில் புறப்பட்டு, ஓர் இரவு கடலில் சுற்றி, எந்த ஊரையும் பார்க்காமல் திரும்பிவரும் பயணமும் அதில் உண்டு. என் மருமகன் போய்வந்தான். எங்கே போனாய் என்றால் பதில் சொல்லத் தெரியவில்லை.

2017-இல் சொகுசுக் கப்பல்கள் 125 முறை வந்து, கிள்ளானை முந்தி இந்த ஜெட்டி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அப்போது மேடை 400 மீட்டர்தான். குவாண்டம் போல ஒன்று வந்து நின்றால் அடுத்ததற்கு இடமிருக்காது. அதனால் பினாங்கு துறைமுக நிறுவனமும் ராயல் கரீபியன் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனமும் சேர்ந்து, சுமார் 15½ கோடி ரிங்கிட் செலவில் 688 மீட்டராக நீட்டின. இப்போது பெரிய கப்பல்கள் இரண்டு ஒரே நேரத்தில் நிற்கலாம்.

மேடையிலிருந்து விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு கூப்பிடு தூரம். லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். காலையில் இறங்குகிறவர்கள் ஜாதிக்காய் ஊறுகாயோ கோபுரப் படமோ வாங்கிக்கொண்டு பெரும்பாலும் அந்தியில் கப்பலேறிவிடுகிறார்கள். பெட்டியோடு இறங்கி இங்கேயே தங்கிவிட்ட எங்கள் வீட்டாரைப்போல் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இன்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போகலாமா? (வாசகி, பிறை)

முடியாது, அம்மா. ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தத் தடம் நின்றுவிட்டது. விமானச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு ஜெட்டியைப் பற்றி அங்கே பேசும்போது மட்டும் ‘துறைமேடை’ என்று சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த என் மைத்துனரிடம், “நாற்பது வருஷம் ஜெட்டியிலேயே வேலை பார்த்தேன்” என்றேன். அவர் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.