எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் அம்மாவை விடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தையல் வேலை செய்து எங்களை வளர்த்தவர். இப்போது இரவில் நானும் தூங்க முடியவில்லை. ஒரு தம்பதி தங்கள் வீட்டிலேயே எட்டு முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். 'ஒவ்வொருவருக்கும் தனிக் கவனம்' என்கிறார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எட்டே பேர் என்பதால் மட்டும் தனிக் கவனம் வந்துவிடாது. எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பி, வரிசையாகக் குளிப்பாட்டி, டிவி முன்னால் உட்காரவைக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் உங்களுக்கு எதைக் காட்டுகிறார்கள் என்பதை விடுங்கள். உங்களிடம் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். மருந்துச் சீட்டும் முன்பணமும் மட்டும்தான் பேச்சு என்றால் எனக்குத் தயக்கம்தான். அம்மா எத்தனை மணிக்கு எழுவார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எதற்குப் பயப்படுவார் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டால் நல்ல அறிகுறி.

அல்சைமரில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுதான் முதலில் போகும். கை பழகிய வேலைகள் வெகுநாள் தங்கும். சாயங்காலம் உங்கள் அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடக்கலாம். இந்த நோயில் பலருக்கு அந்த நேரத்தில்தான் தவிப்பு கூடும். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடினால் கோபம்தான் வரும். அவர் தையல்காரர் என்று தெரிந்தவர் நாலு துணியை மடியில் வைத்து, "இதைக் கொஞ்சம் மடிச்சுத் தர்றீங்களா?" என்பார். தினமும் பலிக்காது. ஆனால் ஆளைத் தெரிந்தவருக்குத்தான் இது தோன்றவே தோன்றும்.

குளிக்க மறுப்பதும் அப்படித்தான். பிடிவாதம் என்று எழுதிவைத்துவிடுவார்கள். குளிராக இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம், முன்பு வழுக்கி விழுந்த பயமாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "கடைசியாக இங்கே ஒருவர் கத்திக் கலவரம் செய்தபோது என்ன செய்தீர்கள்?" உடனே மாத்திரை கொடுத்தோம் என்றால் யோசியுங்கள். டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதிநோய்கள்) உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான சில மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. சிலருக்கு மருத்துவர் அவற்றைத் தரவேண்டி வரலாம். அது கடைசி வழி, அதுவும் குறைந்த அளவில், கொஞ்ச நாளுக்கு.

அல்சைமர் மெல்ல மெல்லத்தான் முற்றும். ஓரிரு நாளில் ஒருவர் திடீரென்று குழம்பினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து என்று வேறு காரணம் தேடவேண்டும். தினமும் அதே இரண்டு பேர் பார்க்கும் சிறிய வீட்டில் இந்த மாற்றம் சீக்கிரம் கண்ணில் படும். சின்ன இடத்தின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

பலவீனமும் அதே இரண்டு பேர்தான். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? இரவில் விழித்திருப்பவர் யார்? அம்மாவுக்கு விழுங்குவது சிரமமாகி, படுக்கையிலேயே இருக்கும் நிலை வந்தால் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறையாவது சொல்லாமல் சாயங்காலம் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

சரி என்று பட்டால் முதலில் இரண்டு வாரம் தங்கவைத்துப் பாருங்கள். இடம் மாறினால் ஆரம்பத்தில் குழப்பம் கூடத்தான் செய்யும், பதறவேண்டாம். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கண்ணாடி, காது கேட்கும் கருவி, அவர் பழைய கத்தரிக்கோல் பெட்டி (கத்தரிக்கோலை எடுத்துவிட்டு) மூன்றும் அவரோடு போகட்டும்.