ஸ்விட்ச் தரும் பிழைச் செய்திகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி: பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஷிப்ட் மாறும் வேளைகளில், போர்ட்டுகள் (கேபிள் செருகும் இடங்கள்) இறங்கின, ஏறின என்று, கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் எங்கள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சின் கன்சோல் திரை நிரம்பிவிடுகிறது. காட்ட வேண்டிய செய்திகளின் தீவிர அளவை 'வார்னிங்ஸ்' என மாற்றியும் செய்திகள் பாதியாகக் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. இடிமழையில் மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் பழைய செய்திகள் அனைத்தும் அழிந்துவிட்டன. என்ன செய்யலாம்?
- வாசகர், பிறை, பினாங்கு

பதில்: செய்திகள் சரிபாதியாகக் குறைந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. ஒரு கணினி அணைக்கப்பட்டால் ஸ்விட்ச் இரண்டு செய்திகளை எழுதும். ஒன்று 'லிங்க்-3-அப்டவுன்', மற்றொன்று 'லைன்புரோட்டோ-5-அப்டவுன்'. நடுவிலுள்ள எண் தீவிரத்தைக் குறிக்கும்; 0 மிகக் கடுமையானது, 7 டீபக், அதாவது பிழை தேடுவதற்கான நுண்விவரம். 'வார்னிங்ஸ்' என்பது 4 என்பதால், 5 எண் கொண்டது நின்றது, 3 எண் கொண்டது தொடர்ந்தது. ஊழியர் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவதும், மேல்மாடி ஸ்விட்சுக்குச் செல்லும் கேபிள் அறுவதும் ஸ்விட்சுக்கு ஒரே 3தான். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே, அளவை மேலும் இறுக்குவது இதற்குத் தீர்வாகாது. இப்போதைய 'வார்னிங்ஸ்' அளவிலேயே, யாரோ அமைப்பை மாற்றியதைச் சொல்லும் 'சிஸ்-5-கான்ஃபிக்' போன்ற செய்திகளை இழந்துவிட்டீர்கள்; பழுது ஏற்படும் நாளில் முதலில் தேட வேண்டியதே அந்தச் செய்தி என்பது என் உறுதியான கருத்து.

ஊழியர்களின் கணினிகள் இணைந்துள்ள போர்ட்டுகளில் மட்டும் 'நோ லாகிங் ஈவண்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். பிற ஸ்விட்சுகளுக்கும் சர்வர்களுக்கும் செல்லும் போர்ட்டுகளை அப்படியே விட்டுவிடுங்கள். இவ்வாறு செய்த பிறகும், யாராவது மேசைக்கடியில் சிறு ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, பாதுகாப்பு அமைப்பு அந்தப் போர்ட்டை முடக்கினால், அந்த 'எர்-டிஸேபிள்' செய்தி 4ஆம் நிலையில் தனியாக வந்து சேரும்.

கன்சோல், பஃபர் (ஸ்விட்சுக்குள்ளேயே செய்திகளைச் சேர்த்து வைக்கும் இடம்), சிஸ்லாக் சர்வர் (செய்திகளைப் பெற்றுச் சேமிக்கும் தனிக் கணினி) ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தீவிர அளவு உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கன்சோல் வழக்கமாக 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் இயங்கும் மெதுவான பாதை. அதற்கு 'லாகிங் கன்சோல் கிரிட்டிக்கல்' போதும். சர்வருக்கு 'லாகிங் டிராப் (trap) இன்ஃபர்மேஷனல்' என்று தாராளமாக அனுப்பலாம்.

பழைய செய்திகள் அழிந்ததற்குக் காரணம், பஃபர் ஸ்விட்சின் தற்காலிக நினைவகத்தில் இருப்பதே. மேலும் அதன் இயல்பு அளவு பெரும்பாலான மாடல்களில் 4096 பைட்தான். ஏறத்தாழ நாற்பது, ஐம்பது செய்திகளிலேயே நிறைந்து, பழையவற்றின் மேல் புதியவை எழுதப்படும். அதனை 'லாகிங் பஃபர்ட்' கட்டளையால் 65536 என உயர்த்திக்கொண்டு, 'லாகிங் ஹோஸ்ட்' கட்டளையில் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுங்கள். அப்போதும் பஃபரை நிறுத்திவிடக் கூடாது. சர்வருக்கான செய்திகள் யுடிபி என்ற அனுப்பும் முறையில், 514 எண் போர்ட் (இது கேபிள் போர்ட் அல்ல, மென்பொருள் வாயில்) வழியே செல்கின்றன, அந்த முறையில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கிடையாது. சர்வருக்குச் செல்லும் இணைப்பே அறுந்தால், அறுந்தது என்ற செய்தி உங்கள் ஸ்விட்சின் பஃபரில் மட்டுமே இருக்கக்கூடும்.

அடுத்து, செய்தியின் தொடக்கத்தை உற்றுப் பாருங்கள். நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அந்தக் கடிகாரத்தை நம்ப முடியாது என்று ஸ்விட்சே சொல்கிறது. மின்தடைக்குப் பின் பல கேட்டலிஸ்ட் மாடல்கள் மார்ச் 1 என்றே நாளைத் தொடங்கும். எனவே சரியான நேரத்தைத் தரும் என்டிபி சர்வரை அமைத்து, 'கிளாக் டைம்ஸோன்' கட்டளையில் மலேசிய நேரத்துக்கு 8 என்று கொடுத்து, 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் லோக்கல்டைம்' என்பதையும் சேருங்கள். அமைப்பைச் சேமித்த பின் 'ஷோ லாகிங்' கொடுத்தால், மூன்று இடங்களுக்கும் எந்த அளவு, இதுவரை எத்தனை செய்திகள் என்பது முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும்.