துளசேந்திரபுரத்தில் அவ்வளவு பூஜை நடந்தும் கமலா ஹாரிஸ் ஏன் தோற்றார்?

கேட்டவர் கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டிருக்கிறார். பரவாயில்லை, எனக்கும் மன்னார்குடி பக்கம்தான். இதைவிட மோசமான கிண்டலையெல்லாம் டீக்கடையில் கேட்டாயிற்று.

முதலில் ஊர் விஷயம். துளசேந்திரபுரம் கமலாவுடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். அரசு வேலைக்காக அவர் ஊரை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது. மகள் சியாமளா 1958-ல், 19 வயதில், படிக்க பெர்க்லிக்குப் போனார். கமலா அறிந்த தமிழ்நாடு பெரும்பாலும் பெசன்ட் நகர் கடற்கரைதான். துளசேந்திரபுரத்து தர்ம சாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் பெயர் வெட்டிய கல்லில் அவர் பெயரும் இருக்கிறது. அந்த உறவுக்காக ஊர்க்காரர்கள் பேனர் வைத்தார்கள், அர்ச்சனை செய்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக்காரர் ஓட்டுப் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

சரி, தோல்விக்கு வருவோம். எல்லோரும் 2024 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலைப் பார்க்கிறார்கள். என் கணக்கு 2019-ல் தொடங்குகிறது.

அந்த ஜனவரியில்தான் முதல்முறையாக அதிபர் போட்டியில் இறங்கினார். ஜூனில் நடந்த விவாதத்தில் பைடனையே மடக்கினார். ஆதரவு சட்டென்று ஏறியது. அப்புறம் சறுக்கல். எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டுமா என்பதில் ஒரு நாள் ஒன்று சொன்னார், மறுநாள் வேறு சொன்னார். அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தை இடதுசாரிகள் குறை சொன்னார்கள். பணமும் தீர்ந்தது. டிசம்பர் 3-ம் தேதி, ஒரு மாநிலத்தில்கூட உட்கட்சி வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே, விலகிக்கொண்டார். துணை அதிபர் பதவி பைடன் கூப்பிட்டுக் கொடுத்தது. 2024 ஜூலை 21-ல் பைடன் விலகியபோது வேட்பாளர் இடமும் அப்படித்தான் வந்தது. அதிபர் வேட்பாளராக உட்கட்சித் தேர்தலில் நின்று ஒரு மாநிலத்தைக்கூட அவர் வென்றதில்லை. பிரைமரி என்கிற அந்த உட்கட்சித் தேர்தல் கட்சிக்குள் நடக்கும் அடிதடி. எந்தக் கேள்வி எங்கே வலிக்கும் என்று அங்கேதான் தெரியும். அது இல்லாமல் 107 நாளில் நாடு முழுக்கத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த மாதிரி 'நாற்காலி கைக்கு எட்டியும் எட்டாமல்' கதை எங்கள் பக்கத்துக்குப் பழகியதுதான். 1997-ல் தேவகவுடா போனபிறகு கபிஸ்தலம் மூப்பனார் பெயர் பிரதமர் பதவிக்கு அடிபட்டு, கடைசியில் குஜ்ரால் வந்ததைப் பெரியவர்கள் இன்னமும் ஆற்றாமையோடு பேசுவார்கள். மூப்பனாருக்குத் தலைவர்கள் தரவில்லை. கமலாவுக்குத் தலைவர்கள் தந்தார்கள், ஜனங்கள் தரவில்லை.

ஏன் தரவில்லை? விலைவாசி. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதம். தேர்தல் நேரத்தில் அது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்று பொருளாதாரக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் விலை ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. கடைக்குப் போகிறவருக்குத் தெரிவது இரண்டாவதுதான். அந்தக் கோபத்தின் நடுவில், அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், 'பைடனைவிட நீங்கள் எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?' என்று கேட்டார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். ஆளுங்கட்சி மேல் ஊரே எரிச்சலில் இருக்கும்போது அதன் வேட்பாளர் இப்படிச் சொன்னால் நம்ம ஊரில் என்ன ஆகும்? அங்கேயும் அதுதான் ஆனது.

பெண் என்பதால் தோற்றார் என்பவர்கள் ஹிலாரியை மறந்துவிடுகிறார்கள். 2016-ல் மொத்த ஓட்டில் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் அதிகம் வாங்கித்தான் அவர் தோற்றார்; அங்கே அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டு, ஜெயிக்க 270 வேண்டும். பெண் என்பது ஒரு சுமைதான், ஆனால் முழுக் காரணம் ஆகாது.

துடைத்தெறியப்பட்டார் என்றும் சொல்ல முடியாது. தேர்வாளர் ஓட்டில் டிரம்புக்கு 312, கமலாவுக்கு 226. இழுபறி மாநிலங்கள் ஏழும் போயின. ஆனால் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் கிடைத்திருந்தால் சரியாக 270 வந்திருக்கும். அந்த மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் ஏறக்குறைய 2.3 லட்சம் ஓட்டு. தமிழ்நாட்டில் ஒரு சராசரி சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையைவிடக் குறைவு.

இன்னொரு வேடிக்கை: துணை அதிபரான வான்ஸின் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம். ஆக, காவிரி தோற்று கோதாவரி ஜெயித்தது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு ஓடியது.

2026 கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார். 2028 அதிபர் தேர்தலுக்கான கதவை மட்டும் சாத்தவில்லை. இறங்கினால், இந்தத் தடவை பிரைமரியில் நின்று ஓட்டுக் கேட்டுத்தான் வரவேண்டியிருக்கும்.