உடைத்த பாலம் உடைந்தே கிடக்குமா?

கேள்வி: ஒரு புது ஆன்லைன் கேம் தயாராகிறது. இப்போதே 4,000 ரூபாய் கட்டினால் முன்னதாக உள்ளே விடுவார்களாம். நாம் எரித்த ஊர் எரிந்தே கிடக்கும், உடைத்த பாலம் உடைந்தே கிடக்கும் என்கிறது டிரெய்லர். கட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

2013-இல் எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட் என்ற ஆன்லைன் கேமை அறிவித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். தரையைத் தோண்டலாம், அரக்கர் கூட்டம் தானாகவே வசதியான இடம் பார்த்துக் குடியேறும் என்றார்கள். அதன் துணை கேமான லேண்ட்மார்க்குக்கு 20 டாலர் முதல் 100 டாலர் வரை முன்கூட்டியே வசூலித்தார்கள். 2016 மார்ச்சில் நெக்ஸ்டைக் கைவிட்டார்கள். லேண்ட்மார்க் அந்த ஜூனில் வெளியாகி, 2017 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஆட்கள் மாதக்கணக்கில் கட்டிய வீடுகளும் சர்வரோடு போயின.

ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். செய்வதற்கே கஷ்டமான காரியம். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில், இரை குறைந்தால் வேட்டை விலங்கு வேறு பக்கம் போகும்படி ஒரு காட்டையே யோசித்து வைத்திருந்தார்கள். ஆடவந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ள, அந்த ஏற்பாட்டையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம், நீங்கள் ஓர் ஊரை ஒரேயடியாகக் கொளுத்திவிட்டால் அடுத்த மாதம் சேருபவருக்கு அங்கே என்ன வேலை? அதனால்தான் கில்ட் வார்ஸ் 2-இல் எதிரியிடமிருந்து மீட்ட ஊரை அவன் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கிறான். ஊரெல்லாம் சுற்றினாலும் தேர் நிலைக்கு வந்துவிடுகிறது.

நிஜமாகவே மாறும் உலகம் வேண்டுமென்றால், 2003 முதல் ஓடும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம் இருக்கிறது. அங்கே விண்கப்பல்களைச் செய்வதும் ஆட்டக்காரர்கள், உடைப்பதும் அவர்களே, போனது போனதுதான். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணம் கட்டத் தவறியதில் தொடங்கிய சண்டை 21 மணி நேரம் நீண்டது. உடைந்த கப்பல்களின் நஷ்டம் நிஜப் பணத்தில் சுமார் 3 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். இலவசமாகவே ஆடிப் பார்க்கலாம். பாதி நேரம் கணக்குப்பிள்ளை வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்தப் புது கேம்தான் வேண்டுமென்றால், கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வரும்வரை பொறுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் விதி வேறாக இருக்கலாம், படித்துப் பார்த்துக் கட்டுங்கள். ஒரு மணி நேரம் ஆடி, ஒரு பாலத்தை உடைத்துவிட்டு வெளியே வாருங்கள். மறுநாள் அது பழையபடி நின்றால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கும்.