புதன்கிழமை ஸ்வாப் எடுக்காதீர்கள்: ஆய்வகமும் விசேஷ வீடும், கேள்வி பதில்

எஸ்.டி.எஸ். என்று நாம் சொல்லும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுங்கால ஆய்வுத் திட்டம் 1979-இலிருந்து நடக்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே இரண்டு மாதம் ஒரு சிறு ஆய்வைச் சொந்தமாகச் செய்து பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியாது. நான் நுண்ணுயிரியல் கற்பிப்பவள். வீட்டு விசேஷத்தையும் ஆய்வகத்தையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பற்றிய கேள்விகளே அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேடம், மாணவர்களின் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத ஆரியஸ்) இருக்கிறதா என்று பார்க்கிறேன். வாரா வாரம் ஞாயிறன்று ஏதாவது ஒரு கல்யாணம், காதுகுத்து. வாரத்தை எப்படித் திட்டமிடுவது? — மதுரை மாணவி

வாரத்தைக் கிருமியின் கணக்கில் போடுங்கள். திங்களன்று மூக்கில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுத்து, மானிட்டால் சால்ட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் (பிளேட்) தேய்க்கிறீர்கள். செவ்வாயன்று மஞ்சள் காலனி (கிருமித் திட்டு) தெரிந்தால் பிளட் அகாருக்கு மாற்றுகிறீர்கள். புதனன்று கிராம் ஸ்டெயின், கேட்டலேஸ், கோயாகுலேஸ் என்று, அது ஆரியஸ்தானா எனக் காட்டும் சோதனைகள்; அன்றே ஒரு புதிய சப்கல்ச்சர் (அதே கிருமியைப் புதுத் தட்டில் மறுபடி வளர்ப்பது). வியாழன் மாலை 4 மணிக்கு முல்லர் ஹின்டன் அகாரில் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாட்டிக் டிஸ்க். வெள்ளி காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் ஜோனை, அதாவது டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை, அளக்கிறீர்கள்.

திங்களில் தொடங்கினால் வெள்ளியில் முடியும், செவ்வாயில் தொடங்கினால் சனியில் முடியும். புதன்கிழமை எடுத்த ஸ்வாப்தான் ஞாயிறு காலை முகூர்த்த நேரத்தில் உங்களைக் கூப்பிடும். ஆகவே திங்கள், செவ்வாய் மட்டும் ஸ்வாப். மிச்ச நாட்களில் ஒப்புதல் படிவம், பதிவேடு, படிப்பு. காலனி மெதுவாக வந்து கணக்குத் தள்ளிப்போனால், தூய காலனியை நியூட்ரியன்ட் அகார் ஸ்லான்ட்டில் (சாய்வாக அகார் உறைந்த குழாயில்) போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு இரவு ஊர் திரும்பியதும் புதிதாக சப்கல்ச்சர் செய்து, திங்கள் மாலை டிஸ்க் வைக்கலாம்.

இன்னொன்று: ஆய்வகத்துக்குள் போனைக் கொண்டுபோகாதீர்கள். கிளவுஸ் போட்ட கையால் தொட்ட அதே போனைத்தான் மறுநாள் அக்கா குழந்தை வாயில் வைக்கும்.

உதவித்தொகை எப்போது வரும்? — சேலம்

அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு. தேதி, தொகையை ஐ.சி.எம்.ஆர். தளத்தில் பாருங்கள்.

அக்கா, கையில் மருதாணி இருக்கிறது. கிளவுஸ் போடலாமா? — தஞ்சாவூர்

தாராளமாக. வளையல், மோதிரம் மட்டும் கழற்றிவிடுங்கள். கிளவுஸ் கிழிவது அவற்றால்தான்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆள் போதவில்லை. அடுத்த வாரம் தங்கை கல்யாணத்துக்கு 300 பேர் வருகிறார்கள். அங்கேயே ஸ்வாப் எடுத்துக்கொள்ளலாமா? — கோவை மாணவர்

கூடாது தம்பி. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும், அதனால் காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். யாரிடம், எங்கே மாதிரி எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துத்தான் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கியிருப்பீர்கள். கல்யாண மண்டபம் அதில் இல்லை. பெண்ணின் அண்ணன் ஸ்வாப்போடு வந்து நின்றால் எந்தச் சித்தப்பா மறுப்பார்? மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. குழந்தைகள் விஷயம் இன்னும் கடினம். 2017-ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் இசைய வேண்டும். அதோடு ஒருவருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்துவிட்டால் அதை யாரிடம் சொல்வீர்கள்? பந்தி முடிவதற்குள் சேதி மண்டபம் முழுக்கப் பரவிவிடும். ஆள் குறைந்தால் கைடிடம் (ஆய்வை வழிநடத்தும் ஆசிரியரிடம்) பேசி, திருத்தம் எழுதி, குழுவிடம் மறுபடி அனுமதி கேளுங்கள்.

சனியன்று டிஸ்க் வைத்து, ஞாயிறு காலை பிளேட்டை ஃப்ரிட்ஜுக்கு மாற்றச் சொல்லிவிட்டுத் திங்களன்று அளந்தால் என்ன? எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். — சென்னை, மூன்றாம் ஆண்டு

எல்லோரும் செய்தாலும் தவறு தவறுதான். ஆரியஸில் செஃபாக்சிடினுக்கு 35 டிகிரியைத் தாண்டாத சூட்டில் 16 முதல் 18 மணி நேரம். ஜோன் 22 மில்லிமீட்டர், அதற்கு மேல் என்றால் மருந்துக்குக் கட்டுப்படும்; 21 அல்லது அதற்குக் கீழே என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரே ஒரு மில்லிமீட்டரில் முடிவே மாறுகிறது. அந்த எல்லையை வகுத்தது குறித்த நேரத்தில் அளந்த பிளேட்டுகளை வைத்துத்தான். ஒரு நாள் குளிரில் கிடந்த பிளேட்டை அந்த எல்லையோடு ஒப்பிட உங்களுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

பாடத்தில் 24 மணி நேரம் என்று படித்தேனே மேடம்! — வேலூர்

அது கோயாகுலேஸ் சோதனையில் நெகட்டிவ் வரும் மற்ற ஸ்டஃபைலோகாக்கஸுக்கு. பக்கத்தை மறுபடி படியுங்கள்.

அப்படியானால் ஞாயிறு காலையில் நண்பனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் அளந்தால்? — மறுபடி சென்னை

கேமரா சாய்ந்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். பிளேட்டைக் கவிழ்த்து, கறுப்புப் பின்னணியில் வெளிச்சம் விழவைத்து, பின்பக்கமாக அளவுகோலால் அளப்பதுதான் முறை. தவிர, போட்டோ எடுக்க அந்த நண்பர் போனை உள்ளே கொண்டுபோக வேண்டும். போன் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். அந்த நண்பரையே முறைப்படி அளந்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். யார் அளந்தது என்பதை அறிக்கையிலும் குறிப்பிடுங்கள். தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகும்போது நீங்கள் அளந்து கொடுங்கள்.

ஒரு பிளேட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா? இது மாணவர் ஆய்வுதானே? — கடலூர்

தேவை. அந்த மூக்கு ஒரு மனிதருடையது, அவர் உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார். மாணவர் அளந்தார் என்பதற்காக 21 என்பது 22 ஆகாது. பிளேட்டுக்கு நேரமில்லாத வாரத்தில் பிளேட் போடாமல் கல்யாணத்துக்குப் போங்கள், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். நான் அதற்கு எதிரியில்லை.

உதவித்தொகை…? — மூன்று பேர்

சேலத்துக்குச் சொன்ன பதில்தான்.

பெரியம்மாவுக்கு வைடால் (டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். 'டாக்டருக்குத்தானே படிக்கிறாய், மாத்திரை எழுது' என்று பந்தியில் ரிப்போர்ட்டை நீட்டுகிறார். என்ன சொல்வது? — திருச்சி மாணவி

பதிவெண் வாங்காதவர் மருந்து எழுதக்கூடாது. அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், பெரியம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் கைவிட்டுவிடாதீர்கள். டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊரில் ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்ட முடியாது. முன்பு வந்த காய்ச்சலும் தடுப்பூசியும்கூட அதை உயர்த்திக் காட்டும். இப்போது காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுக்க வேண்டும், முதல் வாரத்தில் அது கிருமியைக் காட்டும் வாய்ப்பு அதிகம். 'நாளைக்கு நானே கூட வருகிறேன் பெரியம்மா' என்று சொல்லி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

ஆய்வகத்திலிருந்து நேரே அண்ணி வளைகாப்புக்குப் போகலாமா? — விருதுநகர்

கோட் ஆய்வகத்திலேயே இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏதாவது தெறித்திருந்தால் கைடிடம் சொல்லாமல் கிளம்பாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று இன்றே பாருங்கள். போனை ஆய்வகத்துக்கு வெளியே வைத்திருந்தீர்கள் என்றால், நேரே போகலாம்.