வேறு கம்பெனி எஸ்எஃப்பி, எழும்பாத போர்ட்: நேர்முகத் தேர்வில் என்ன பதில் சொல்வது?

தம்பி, "ஸ்விட்ச்சில் வேறு கம்பெனி எஸ்எஃப்பி மாட்டினோம், போர்ட் எழும்பவில்லை, என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி பாடத்திட்டத்திலேயே இல்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். (எஸ்எஃப்பி என்பது ஃபைபர் கேபிளை இணைக்க ஸ்விட்ச்சின் போர்ட்டில் செருகும் சிறிய மாட்யூல்.) முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. சிஸ்கோவின் சிசிஎன்ஏ 200-301 சான்றிதழ்த் தேர்வுப் பாடத்திட்டத்தின் முதல் பகுதியிலேயே சிங்கிள்மோட், மல்டிமோட் ஃபைபரும் கேபிள் கோளாறுகளும் இருக்கின்றன. சிமுலேட்டரில் மட்டும் பழகியவர்கள் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அங்கே கனெக்டரில் அழுக்குப் படியாது, மாட்டிய மாட்யூலை ஸ்விட்ச் வேண்டாம் என்று தள்ளவும் செய்யாது.

நடப்பது இதுதான். எஸ்எஃப்பியின் அளவும் பின் அமைப்பும் தயாரிப்பாளர்கள் கூடி ஏற்றுக்கொண்ட எம்எஸ்ஏ உடன்பாட்டின்படி அமைந்தவை. அதனால் யாருடைய மாட்யூலும் யாருடைய ஸ்விட்ச்சிலும் உட்காரும். தடை மாட்யூலுக்குள் இருக்கும் ஈஈப்ராம் என்ற சின்ன நினைவகச் சிப்பில் இருக்கிறது. அதன் 20 முதல் 35 வரையிலான பைட்டுகளில் தயாரிப்பாளர் பெயர், 40 முதல் 55 வரை பார்ட் நம்பர், 68 முதல் 83 வரை சீரியல் நம்பர். 96 முதல் 127 வரை தயாரிப்பாளரின் சொந்த உபயோகத்துக்கு விடப்பட்ட இடம். மாட்யூலை மாட்டியதும் ஸ்விட்ச் இவற்றைப் படிக்கிறது. எதிர்பார்த்த குறியீடு இல்லையென்றால் சில பிராண்டுகள் எச்சரிக்கையோடு விட்டுவிடும், சில போர்ட்டையே எர்-டிசேபிள்டு (பிழை கண்டு முடக்கிய) நிலைக்குத் தள்ளிவிடும். "இந்த பிராண்டுக்கு கோட் செய்தது" என்று விற்கிறார்களே, அவர்கள் எழுதித் தருவது இந்த பைட்டுகளைத்தான். மாட்யூலின் ஒளித்தரத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அதனால் உங்கள் பதில் ஸ்விட்ச்சின் நிகழ்வுப் பதிவான லாக்கிலிருந்து தொடங்கட்டும். 'அன்சப்போர்ட்டட் டிரான்ஸீவர்' என்ற செய்தி இருந்தால் குறியீட்டுச் சிக்கல். சிஸ்கோவின் பல ஸ்விட்ச்களில், வெளி மாட்யூலையும் ஏற்கச் சொல்லும் 'சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-டிரான்ஸீவர்' என்றொரு கமாண்ட் உண்டு. கேள்விக்குறி போட்டுத் தேடினால் பட்டியலில் வராது. இன்டெல் எக்ஸ்520 கார்டுக்கான லினக்ஸ் டிரைவரிலும் இதற்கென ஒரு ஆப்ஷன் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த ரகசிய கமாண்டைச் சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவருக்கு உண்மையான ஆர்வம் பிறப்பது அதற்குப் பிறகுதான்.

லாக் அமைதியாக இருக்கிறது, மாட்யூலை ஸ்விட்ச் அடையாளம் காண்கிறது, லிங்க் மட்டும் வரவில்லை. அப்போது? எஸ்எஃப்பியும் (1ஜி) எஸ்எஃப்பி பிளஸும் (10ஜி) பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எனவே வேகத்தைப் பாருங்கள். பிறகு இரு முனைகளையும் ஒப்பிடுங்கள். 10ஜி எஸ்ஆர் (குறுந்தூர மாட்யூல்) என்றால் 850 நானோமீட்டர், மல்டிமோட், ஓஎம்3 கேபிளில் 300 மீட்டர் வரை. எல்ஆர் (நெடுந்தூர மாட்யூல்) என்றால் 1310 நானோமீட்டர், சிங்கிள்மோட், 10 கிலோமீட்டர். ஒரு முனையில் எஸ்ஆர், மறுமுனையில் எல்ஆர் என்று மாட்டிவிட்டு பிராண்டைத் திட்டுபவர்கள் நிறைய. ஒரே இழையில் இருபுறமும் ஒளி அனுப்பும் பைடை மாட்யூல்களை ஜோடியாகத்தான் மாட்ட வேண்டும்: ஒன்று 1270 நானோமீட்டரில் அனுப்பி 1330-இல் பெற்றால் மற்றது நேர்மாறாக. அடுத்து, மாட்யூல் தானே அளந்து சொல்லும் டிஓஎம் அளவீட்டில் ஆர்எக்ஸ் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவைப் படியுங்கள். எல்ஆர் மாட்யூலில் அது மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே போனால் அழுக்கான கனெக்டரையோ மடங்கிய கேபிளையோ தேடுங்கள். மைனஸ் 40 என்று காட்டினால் ஒளியே வந்து சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கேபிளின் அனுப்பும், பெறும் இழைகளை மாற்றிச் செருகிப் பாருங்கள். 25ஜி, 100ஜி ஆனால் இரு முனைகளிலும் எஃப்இசி எனும் பிழைதிருத்த அமைப்பு ஒத்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

இன்னொன்றும் எதிர்பார்ப்பார்கள்: பொறுப்புணர்வு. அந்த மறைந்திருக்கும் கமாண்டை, சேர்ந்த புதிதில், முக்கியமான ஸ்விட்ச்சில் யாரையும் கேட்காமல் போடுபவரை நான் வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கோளாறுக்கு வெளி மாட்யூல்தான் காரணம் என்று தெரிந்தால் ஸ்விட்ச் தயாரிப்பாளர் சப்போர்ட் தர மறுக்கலாம். அதனால் அசல் மாட்யூல் ஓரிரண்டைக் கையிருப்பில் வைத்து, புகார் பதிவதற்கு முன் அதை மாட்டியும் கோளாறு தொடர்கிறதா என்று பார்ப்பது வழக்கம். சாஃப்ட்வேர் அப்கிரேடுக்குப் பிறகு நேற்றுவரை ஓடிய மாட்யூல் நின்றுபோவதும் உண்டு. முதலில் ஒரு சோதனை ஸ்விட்ச்சில் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள்.

இன்னொரு சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா என்று உங்கள் அப்பா கேட்டிருக்கிறார். இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய ஸ்விட்ச் ஒன்று, வெவ்வேறு பிராண்டில் சில எஸ்எஃப்பிகள், பேட்ச் கார்டுகள் போதும். தவறான ஜோடியை வேண்டுமென்றே மாட்டி, என்ன லாக் வருகிறது என்று குறித்து வையுங்கள். லினக்ஸ் மெஷின் இருந்தால் ஈத்டூல் கமாண்டால் ஈஈப்ராமையே படித்துவிடலாம். ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க மட்டும் கூடாது. 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேடு செய்யக்கூடும்.

இதுவே ஒரு தொழிலாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாட்யூல் விற்கும் நிறுவனங்களில் பொருந்துமைச் சோதனை செய்யத் தனி ஆட்கள் உண்டு, ஆனால் அந்த வாசல் சிறியது. டேட்டா சென்டர், என்ஓசி எனும் நெட்வொர்க் கண்காணிப்பு மையம், இணையச் சேவை நிறுவனங்களின் களப்பணி ஆகியவற்றில் நுழைய இதே அறிவு உதவும். முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். ரெஸ்யூமேயில் 'நெட்வொர்க்கிங் தெரியும்' என்ற வரியை எடுத்துவிட்டு, எந்த மாட்யூலை எந்த ஸ்விட்ச்சில் மாட்டினீர்கள், என்ன பிழை வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்பதை எழுதுங்கள்.