டி8045 பிழை: சி கோப்புக்குப் பெயர் மாற்றுவது மருந்தல்ல

கேள்வி: லாரி எடைமேடைகளுக்கான மென்பொருளைச் சிறிய அளவில் செய்து விற்று வருகிறேன். எடைக் கருவி அனுப்பும் எண்களைப் படித்துச் சரிபார்க்கும் பகுதியை, 2006 வாக்கில் எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் சி மொழியில் எழுதினார். மொத்தம் 14 கோப்புகள். திரையும் எடைச் சீட்டும் இப்போது சி ஷார்ப்பில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பதற்காக விஷுவல் ஸ்டூடியோவில் சி ப்ராஜெக்டுக்கு '/சிஎல்ஆர்' தேர்வைப் போட்டேன். டி8045 என்ற பிழை வந்தது. நண்பர் சொன்னபடி எல்லாக் கோப்புகளின் பெயரையும் '.சிபிபி' என்று மாற்றினேன். அந்தப் பிழை போய், முந்நூறுக்கும் மேல் புதுப் பிழைகள் வந்துவிட்டன. முழுவதையும் சி ஷார்ப்பில் மாற்றித் தர ஒருவர் 90,000 ரூபாய் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். முதலில் 14 கோப்புகளுக்கும் பழைய பெயரையே திருப்பி வையுங்கள். நீங்கள் சந்தித்த உண்மையான பிழை ஒன்றுதான். மற்ற முந்நூறும் அந்த ஒன்றுக்குச் சொல்லப்பட்ட தவறான வைத்தியத்தால் வந்தவை.

டி8045 சொல்வது எளிய செய்தி: சி கோப்பை '/சிஎல்ஆர்' தேர்வுடன் கம்பைல் செய்ய, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற, முடியாது. சி ஷார்ப் நிரல்கள் ஓடும் டாட்நெட்டின் இயக்கச்சூழலுக்கு ஏற்ற நிரலை உருவாக்கும் அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் சி++ மொழிக்கு மட்டுமே வைத்திருக்கிறது. சி மொழிக்கு அது இல்லை. ஒரே கம்பைலர் நிரல் இரண்டு மொழிகளையும் கையாள்வதாலும், கோப்பின் பின்னொட்டைப் பார்த்து அதுவே மொழியைத் தீர்மானிப்பதாலும், பின்னொட்டை மாற்றினால் தடை நீங்கிவிடும் என்று தோன்றுவது இயல்பு. 'இந்தக் கோப்புக்கு மட்டும் அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல இத்தனை ஆண்டுகளில் ஏன் அவர்களுக்குத் தோன்றவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. முடியாது என்று சொல்லிவிட்டு, என்ன முடியும் என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது அலுவலக முகப்பில் இருப்பவரின் குணம். கம்பைலருக்கு அது வேண்டாம்.

பெயர் மாறியதும் உங்கள் சி நிரல் சி++ விதிகளின்படி சோதிக்கப்பட்டது. நினைவகம் கேட்கும் மால்லாக் ஃபங்ஷன் திருப்பித் தரும் வாய்ட் பாயின்டரை (வகை குறிக்காத நினைவக முகவரியை) வேறு வகைப் பாயின்டரில் நேராக இட சி அனுமதிக்கும், சி++ அனுமதிக்காது. ஆகவே நினைவகம் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் சி2440 வந்திருக்கும். முன்னறிவிப்பு இல்லாத ஃபங்ஷனை அழைத்தால் சி ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், சி++ சி3861 என்று நிறுத்திவிடும். 'நியூ', 'கிளாஸ்', 'டெலீட்' போன்ற பெயர்களில் மாறிகள் இருந்தால் அவை மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிடுவதால், அந்த வரியைச் சுற்றிப் பத்துப் பிழைகள் காய்த்துத் தொங்கும். இவற்றையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து திருத்திவிடலாம் என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். கவலைக்குரியது பிழை காட்டாமல் மாறும் இடங்கள்தான். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதிய ஓர் எழுத்தின் அளவைக் கேட்டால் இந்தக் கம்பைலர் சி மொழியில் 4 பைட் என்றும், சி++ மொழியில் 1 பைட் என்றும் விடை தரும். அப்படிப்பட்ட கணக்கு ஒன்று உங்கள் எடை படிக்கும் பகுதியில் எங்காவது ஒளிந்திருந்தால், பிழை ஏதுமின்றிக் கம்பைல் ஆகி, எடைச் சீட்டில் மட்டும் தவறு தெரியும். எடையில் தவறு என்றால் மேடையில் லாரியோடு நிற்கும் ஓட்டுநரிடம் யார் பதில் சொல்வது?

ஆகவே சி கோப்புகளைச் சி கோப்புகளாகவே கம்பைல் செய்து, அவற்றுக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சி++ கோப்பை நிறுத்துங்கள். அந்த நடுக்கோப்புக்கு மட்டும் '/சிஎல்ஆர்' போதும். ப்ராஜெக்டின் கோப்புப் பட்டியலில் 14 சி கோப்புகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். சி/சி++ பிரிவில் ஜெனரல் பக்கத்தில் உள்ள காமன் லாங்குவேஜ் ரன்டைம் சப்போர்ட் என்ற இடத்தில், ஆதரவு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பிரிவில் ப்ரீகம்பைல்டு ஹெடர் (முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்த அறிவிப்புக் கோப்பு) பக்கத்துக்குப் போய், அதைப் பயன்படுத்தவில்லை என்று மாற்றுங்கள். இந்த இரண்டாவது மாற்றத்தைத் தவறவிட்டால் சி1853 என்ற பிழை வரும். சி++ மொழிக்காக முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்த ஹெடரைச் சி கோப்பு எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் பொருள். அந்தப் பிழைச் செய்தி பழைய கம்பைலர் பதிப்பையும் ஒரு காரணமாகச் சொல்வதால், விஷுவல் ஸ்டூடியோவை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவி ஒரு நாளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இதில் நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. அந்த ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தின் மேற்பகுதியில் கான்ஃபிகரேஷன், பிளாட்ஃபார்ம் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். நீங்கள் செய்யும் மாற்றம் அப்போது அங்கே தெரியும் இணைக்கு மட்டுமே பொருந்தும். டீபக் (சோதனைக்கான பதிப்பு) 32-பிட்டில் மாற்றிவிட்டு, ரிலீஸ் (வாடிக்கையாளருக்கான பதிப்பு) 64-பிட்டில் அதே டி8045 வந்ததும் 'இந்த வழி வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே இரண்டு பட்டியல்களிலும் 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கம்பைல் ஆனதும், அந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் பேச ஆரம்பிக்கும். எல்என்கே2028, எல்என்கே2019 என்ற இரண்டு பிழைகளும் ஜோடியாக வந்தால் பயப்பட வேண்டாம். சி++ கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயரோடும் அதன் வகை விவரங்களைக் குறியீடாகச் சேர்த்து வைக்கும். சி கம்பைலர் அப்படிச் செய்யாது. நடுக்கோப்பு ஒரு பெயரில் தேடுகிறது, சி கோப்பு வேறு பெயரில் பதிந்து வைத்திருக்கிறது. நடுக்கோப்பில் உங்கள் சி ஹெடரைச் சேர்க்கும் வரியை எக்ஸ்டர்ன் "சி" என்ற அடைப்புக்குள் வையுங்கள். அதன் பிறகும் பிழை நீடித்தால் செய்தியை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள்: ஃபங்ஷன் பெயருக்கு முன் எக்ஸ்டர்ன் "சி" என்ற சொற்கள் அதில் தென்பட்டால் ஹெடர் சரியாகத்தான் இருக்கிறது, அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டுள்ள சி கோப்பு ப்ராஜெக்டில் சேரவில்லை, தென்படாவிட்டால் அடைப்பு இன்னும் சரியாக அமையவில்லை.

நடுக்கோப்பில் எழுத வேண்டியது அதிகமில்லை. சி ஷார்ப் கேட்பதைச் சி புரிந்துகொள்ளும் வடிவில் மாற்றி, விடையைத் திருப்பித் தரும் ஒரு கிளாஸ் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: டாட்நெட் சரத்தை (எழுத்துத் தொடரை) ஆன்சி என்ற பழைய முறை எழுத்துகளாக மாற்றும் ஃபங்ஷனைத்தான் இணையத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் காட்டும். விண்டோஸின் ஆன்சி எழுத்துத் தொகுதிகளில் தமிழ் கிடையாது. வாடிக்கையாளரின் பெயரைத் தமிழில் சி பகுதிக்கு அனுப்பினால் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாகத் திரும்பி வரும். பெயர்களைச் சி ஷார்ப் பக்கமே வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலை அதற்குள் அடங்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. சி ஷார்ப்பிலிருந்து நீங்கள் நேரடியாக அழைக்கும் சி ஃபங்ஷன்கள் நான்கோ ஐந்தோதான் என்றால், அவை வாங்குவதும் தருவதும் முழு எண்களும் எளிய பைட் வரிசைகளும்தான் என்றால், '/சிஎல்ஆர்' என்பதே உங்களுக்குத் தேவையில்லை, நடுக்கோப்பும் வேண்டாம். சி நிரலை டாட்நெட்டின் வாடையே இல்லாத சாதாரண டிஎல்எல் (மற்ற நிரல்கள் அழைத்துக்கொள்ளும் நூலகக் கோப்பு) ஆகக் கம்பைல் செய்து, சி ஷார்ப்பில் டிஎல்எல்இம்போர்ட் வரியால் அழைத்துக்கொள்ளலாம். உள்ளே 14 கோப்புகள் இருந்தாலும் 140 இருந்தாலும் கவலையில்லை, வாசலில் நிற்கும் ஃபங்ஷன்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, சி மொழியின் 'லாங்' விண்டோஸில் 4 பைட், சி ஷார்ப்பின் 'லாங்' 8 பைட். ஆகவே சி பக்கம் 'லாங்' என்று இருக்கும் இடத்தில் சி ஷார்ப் பக்கம் 'இன்ட்' என்றே எழுத வேண்டும். இரண்டாவது, அழைப்பு முறையைச் 'சிடெக்ல்' என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் விண்டோஸில் டிஎல்எல்இம்போர்ட்டின் இயல்புநிலை வேறு. 64-பிட்டில் ஒரே அழைப்பு முறைதான் என்பதால் இந்தத் தவறு அங்கே மறைந்து கிடக்கும். 32-பிட் கணினி வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் போனதும் வெளியே வரும். உள்ளே பாயின்டர்கள் அடங்கிய ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) ஒன்றைத் தரவோ பெறவோ வேண்டியிருந்தால் இந்த விதிவிலக்கை மறந்துவிட்டு நடுக்கோப்புக்கே திரும்புங்கள். அதை டிஎல்எல்இம்போர்ட்டால் செய்யவே முடியாது என்பதல்ல, செய்து முடிப்பதற்குள் நடுக்கோப்பை இரண்டு முறை எழுதிவிடலாம்.

விடை தேடும்போது ஆண்டைப் பாருங்கள். இரட்டை அடிக்கோட்டுடன் 'ஜிசி' என்று எழுதச் சொல்லும் விடைகள் 2005க்கு முந்தைய இலக்கணத்தைச் சேர்ந்தவை. '/சிஎல்ஆர்:ப்யூர்' போடச் சொன்னால் அதுவும் வேண்டாம். விஷுவல் ஸ்டூடியோ 2017 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் சி ஷார்ப் பகுதி டாட்நெட் கோரில் இருந்தால் '/சிஎல்ஆர்:நெட்கோர்' என்பதைப் பயன்படுத்த வேண்டும். அதற்குக் குறைந்தது விஷுவல் ஸ்டூடியோ 2019இன் 16.4 பதிப்பு வேண்டும்.

இனி 90,000 ரூபாய் கேட்டவரைப் பற்றி. அவரைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இப்படிப் பழைய சி நிரலை மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களில் பலர், ஏதோ ஒரு தானியங்கி மாற்றியில் கோப்புகளைப் போட்டெடுத்து, கம்பைல் ஆகும்வரை பிழை காட்டும் வரிகளுக்குக் கட்டாய வகைமாற்றம் போட்டு, எச்சரிக்கைகளை ப்ராக்மா வரியால் வாயடைத்துவிட்டுக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை என்னிடம் சரிபார்க்க வந்த அப்படியொரு வேலையில், ஒப்பந்தக்காரர் டீபக் பதிப்பை அப்படியே வாடிக்கையாளரின் கணினியில் நிறுவியிருந்தார். டீபக் பதிப்பு தேடும் டிஎல்எல் கோப்புகள், வாடிக்கையாளர் கணினியில் நிறுவுவதற்கான விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பில் வராது. அவை இல்லை என்று பிழை வந்ததும், டிஎல்எல் கோப்புகளை இலவசமாகத் தரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தளங்களின் கோப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

'/சிஎல்ஆர்' போட்ட ப்ராஜெக்டில் இயக்க நூலகத்தை உள்ளேயே கோத்துவிட முடியாது. முயன்றால் டி8016 வரும். ஆகவே நடுக்கோப்பு வழியில் போனால், ரிலீஸ் பதிப்போடு அந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிளையும் மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே எடுத்து, ஒவ்வொரு எடைமேடைக் கணினியிலும் நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால், கண்ணெதிரே இருக்கும் உங்கள் டிஎல்எல் கோப்பையே 'அல்லது அதன் சார்புகளில் ஒன்றை' ஏற்ற முடியவில்லை என்று டாட்நெட் சொல்லும். எந்தச் சார்பு என்று மட்டும் சொல்லாது. பேட்இமேஜ்ஃபார்மட் என்ற பிழை வந்தால் அது வேறு கதை: சி பகுதி 32-பிட், சி ஷார்ப் பகுதி 64-பிட், அல்லது மாறி. சி ஷார்ப் ப்ராஜெக்டை 'எனி சிபியு' என்று விடாமல், சி பகுதி எதுவோ அதையே குறிப்பிட்டுவிடுங்கள்.

இன்று ஒரே ஒரு சி கோப்பை, வேறு எதையும் அழைக்காத மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் தேர்வுகளை மாற்றி, நடுக்கோப்பிலிருந்து அதன் ஒரு ஃபங்ஷனை அழைத்துப் பாருங்கள். அது ஓடிய பிறகு மற்ற 13 கோப்புகளைத் தொடுங்கள்.